வயலிற் பூச்சிகளைக் கணக்கிடும் முறை

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள மானாவாரிக் கிராமங்களில், ஆடி மாதத்தில் வேர்க்கடலைக் கொல்லை வைத்திருக்கும் குடியானவர் ஒருவரை நோக்கி, "கொல்லையில் புழு எவ்வளவு இருக்கிறது?" என்று வினவினால், "நிரம்ப இருக்கிறது" என்றோ, "அவ்வளவாக இல்லை" என்றோ விடை வரும். இவ்விரண்டும் பொய்யல்ல, ஆயினும் இரண்டும் கணக்கல்ல. அதே குடியானவரிடம் உரச்செலவைப் பற்றிக் கேட்டால், எத்தனை மூட்டை, என்ன விலை, வண்டி வாடகை என்ன என்று தயங்காமல் சொல்லுவார். விதைக்கடலை வாங்கிய தேதியும் அவருக்கு நினைவிருக்கும். பூச்சி விஷயத்தில் மட்டும் "நிரம்ப" என்னும் ஒரே சொல்லை நம்பி மருந்துக் கடைக்குப் போகிறார். கையிற் பணமில்லாவிடில் கடனுக்கு வாங்குகிறார். கடலையை விற்றுக் கணக்குத் தீர்க்கும்போது, அந்த ஒரு சொல்லின் விலை என்னவென்பது வட்டியோடு தெரியவரும்.

கண் ஏமாற்றும் என்பது இவ்விஷயத்தில் முற்றிலும் மெய். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு வரப்போரத்துச் செடிகளே தெரியும். அங்கேதான் புழு முதலில் ஏறுகிறது. கொல்லைக்குள் இறங்கினாலும், இலை அரிக்கப்பட்டு நரம்பு மட்டும் நிற்கும் செடியையே கண் தேடிச் செல்லும். பக்கத்தில் குறைவின்றி நிற்கும் நூறு செடிகள் அதன் பார்வையிற் படா. அன்றியும், அயற்கொல்லைக்காரர் மருந்து தெளிப்பதைக் கண்டவுடன் தம் கொல்லையிலும் புழு இருமடங்காகிவிட்டதாகத் தோன்றுவது மனித இயல்பு. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மேற்பார்வைக்குப் பயிர் பசேலென்று இருக்க, அடித்தூரில் பூச்சி கூட்டங்கூட்டமாய்ச் சேர்ந்து, ஒரு வாரத்தில் பயிரைச் சாய்த்துவிடுவதும் உண்டு. ஆகவே பூச்சியை எண்ணுவது மருந்துச் செலவை மிச்சப்படுத்துவதற்கு மாத்திரம் அன்று. உண்மையில் செலவிடவேண்டிய நாளைத் தவறவிடாமல் இருப்பதற்குமாகும்.

எண்ணிய பிறகு அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி எழும். பயிரில் ஒரு பூச்சியும் இருக்கக்கூடாது என்பது ஆகாத காரியம். அதற்கு ஆகும் செலவு மகசூலையே விழுங்கிவிடும். 1959-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் என்னும் நான்கு பூச்சிநூல் வல்லுநர்கள் இதற்கு ஒரு வழி கூறினர். பூச்சியினால் உண்டாகும் நஷ்டம் அதைத் தடுக்கும் செலவுக்குச் சமமாகும் அளவு ஒன்று உண்டு. அந்த அளவை எட்டுமுன், சரியான தருணத்தில், நடவடிக்கை எடுக்கவேண்டும். அதற்குக் கீழே இருக்கும்வரை பொறுத்திருக்கவேண்டும் என்பதே அவர்கள் கூற்று. உதாரணத்துக்காக, ஓர் ஏக்கருக்கு மருந்தும் தெளிப்புக் கூலியும் சேர்ந்து 1,500 ரூபாய் என்றும், வேர்க்கடலை கிலோ 60 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பூச்சியினால் 25 கிலோவுக்கு மேல் நஷ்டமாகும் என்று தெரிந்தாலன்றித் தெளிப்பது வீண். இருபது கிலோவைக் காப்பாற்ற இருபத்தைந்து கிலோவின் விலையைக் கொடுப்பது எந்த வியாபாரியும் செய்யாத காரியம். இந்த எல்லை அளவு ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு பூச்சிக்கும் வேறாகும். 1971-இல் ஏற்பட்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் பயிர்களுக்கு இத்தகைய அளவுகளை வெளியிட்டுள்ளது. கீழே சொல்லப்படும் எல்லைகள் அவையே.

இனி முதலிற் கவனிக்கத்தக்கது சிவப்புக் கம்பளிப்புழு. பழைய இலாகா ஏடுகளில் மணிலாக்கொட்டை என்றும் ஊர்ப்பேச்சில் மல்லாட்டை என்றும் வழங்கும் வேர்க்கடலைக்குப் பழைய வட ஆற்காட்டிலும் தென் ஆற்காட்டிலும் இப்புழு நெடுநாட் பகைவன். டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1940-இல் தென்னிந்தியப் பயிர்ப்பூச்சிகளைப் பற்றி எழுதிய கைந்நூலில் தொகுத்துக் கூறிய பெரும் பகைப்பூச்சிகளின் வரிசையில் இதற்கும் இடமுண்டு. இதன் வாழ்க்கை விசித்திரமானது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்கிக் கழிக்கிறது. கோடை முடிந்து பலத்த மழை ஒன்று பெய்தால், சில நாட்களுக்குள் அந்துப்பூச்சிகள் ஒரே சமயத்தில் திரளாக வெளிவரும். வெண்ணிறச் சிறகின் முன்னோரத்தில் மஞ்சட்கோடு ஓடுவது இதன் அடையாளம். பெண் அந்து இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் நிற முட்டைகளைக் குவியலாக இடும். ஒரு பெண் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிட வல்லது. பொரித்த குஞ்சுப்புழுக்கள் சில நாள் ஒரே இலையில் கூடியிருந்து அதைச் சுரண்டித் தின்னும். பிறகு பிரிந்துபோய்விடும். பிரிந்தபின் அவற்றைப் பிடிப்பது பெருந்தொல்லை. பெரிய புழுவின் மேலுள்ள உரோமம் கையிற் பட்டால் அரிப்பும் உண்டாகும். ஆகையால் இதை எண்ணவேண்டிய பருவம் முட்டைக்குவியற் பருவமே.

எண்ணும் வகை வருமாறு. 10 மீட்டர் நீளக் கயிறு ஒன்றை அளந்து வைத்துக்கொள்ளவேண்டும். கொல்லையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோணல் மாணலாக நடந்து, ஓரத்து நான்கைந்து சால்களை விட்டுவிட்டு, பத்து இடங்களில் கயிற்றைச் சாலோடு நீட்டி, அந்தப் பத்து மீட்டரிலுள்ள செடிகளின் இலைகளைத் திருப்பிப் பார்த்து, முட்டைக்குவியல்களை எண்ணவேண்டும். நிற்கும் இடத்தைக் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது. இத்தனை அடி நடந்தால் நிற்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து, அந்த அடி முடிந்த இடத்தில் செடி நன்றாயிருப்பினும் கெட்டிருப்பினும் கயிற்றைப் போடவேண்டும். இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் மற்றதெல்லாம் வீண்வேலை. பத்து இடங்களும் சேர்ந்து 100 மீட்டர்ச் சால் ஆகிறது. அதில் 8 முட்டைக்குவியல் இருந்தால் எல்லையை எட்டிவிட்டது என்று கொள்ளவேண்டும்.

ஒரு கொல்லையில் பத்து இடங்களில் எண்ணியபோது 0, 0, 1, 0, 4, 0, 0, 2, 0, 0 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 7. இக்கொல்லைக்காரர் ஐந்தாவது இடத்தில் மட்டும் நின்று பார்த்துத் திரும்பியிருந்தால், பத்து மீட்டருக்கு 4 என்று கண்டு, நூறு மீட்டருக்கு 40 என்று கணக்கிட்டு அலறியிருப்பார். முதல் இடத்தை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமில்லை என்று உறங்கியிருப்பார். கம்பளிப்புழு போன்ற பூச்சிகள் நெல்லை விதைத்தாற்போல் சமமாகப் பரவியிருப்பதில்லை; திட்டுத்திட்டாகவே இருக்கும். திட்டாக இருக்கும் பொருளை எண்ணப் பல இடங்கள் வேண்டும். ஒரே இடத்தில் நூறு செடி பார்ப்பதைவிடப் பத்து இடத்தில் பத்துப் பத்துச் செடி பார்ப்பது மேல். மேற்கண்ட கொல்லையில் வந்தது 7, எல்லை 8. இவ்வளவு நெருங்கியிருக்கும்போது கணக்கை அங்கேயே முடித்துவிடாமல், இன்னும் பத்து இடங்கள் பார்ப்பதே முறை. கூட்டல் 1 அல்லது 2 என்றோ, 25 என்றோ வந்திருந்தால் மேலும் எண்ணவேண்டிய அவசியமே இல்லை. எல்லைக்கு அருகில்தான் உழைப்பு தேவை.

வரிசைக்கு வரிசை 30 செண்டிமீட்டர் இடைவெளியுள்ள கொல்லையில் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 13,500 மீட்டர்ச் சால் உண்டு. நூறு மீட்டருக்கு 8 என்றால் ஏக்கருக்குச் சுமார் 1,080 குவியல். கேட்பதற்கு மலைப்பாயிருந்தாலும், குவியல் இருக்கும் இலையைக் கிள்ளிப் பைக்குள் போட்டு அழித்துவிடுவது வீட்டார் சேர்ந்து செய்யக்கூடிய வேலையே. மருந்து இல்லாமலே எல்லைக்குக் கீழே இறக்கிவிடலாம். இதுவும் எண்ணியதால் கிடைக்கும் லாபம்: வேலை எவ்வளவு என்று முன்கூட்டித் தெரிகிறது.

முட்டையை எண்ண எந்த நாளில் இறங்குவது என்பதை விளக்குப்பொறி அறிவிக்கும். விளக்கின் கீழ் அகன்ற பாத்திரத்தில் நீர் வார்த்துச் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, மழைக்குப்பின் ஒவ்வோர் இரவும் வைத்து, காலையில் விழுந்துகிடக்கும் அந்துகளை எண்ணி எழுதவேண்டும். முதல்நாள் மூன்று, மறுநாள் பத்து, மூன்றாம்நாள் நூறு என்று எண்ணிக்கை ஏறினால், உடனே கயிற்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகலாம். ஆயினும் விளக்குப்பொறியின் எண்ணைக் கொண்டு கொல்லையில் இத்தனை பூச்சி உண்டு என்று சொல்ல இயலாது. விளக்கு அயற்கொல்லைப் பூச்சியையும் அழைத்துவிடும். அன்றியும் நிலவொளி மிகுந்த இரவுகளில் பொறிக்கு வரும் பூச்சி குறைந்துவிடும். பௌர்ணமியன்று கிரிவலம் வருவோர் திரளால் திருவண்ணாமலை வீதிகள் நிறைந்திருக்கும் இரவில், சுற்றுக் கிராமத்து விளக்குப்பொறி காலியாக இருந்தால், பூச்சி ஒழிந்துவிட்டதென்று மகிழக்கூடாது. கார்த்திகையில் தீபம் ஏற்றுவதால் வயற்பூச்சிகள் விளக்கில் விழுந்து ஒழியும் என்று பெரியோர் சிலர் கூறுவதுண்டு. சம்பா நெற்பூச்சிகளுக்கு அது ஓரளவு பொருந்தினாலும் பொருந்தலாம். கம்பளிப்புழுவின் அந்துவோ தீபத்திருநாளுக்குக் காத்திராமல் ஆனி ஆடியிலேயே வந்து முட்டையிட்டுப் போய்விடுகிறது. இதற்கான விளக்கை மழை பெய்த மறுநாளே ஏற்றவேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி என்று வழங்கும் நவீனப் பொறியும் இத்தகையதே. அது பெண் அந்தின் வாசனையைக் காட்டி ஆண் அந்துகளை மட்டும் பிடிப்பது. காலத்தைக் காட்டுமேயன்றித் தொகையைக் காட்டாது.

மழை தவறி வெயில் கடுமையாகும்போது கடலையில் சுருள்பூச்சி மிகும். இதற்குச் சால் ஒரு மீட்டருக்கு 1 புழு என்பது எல்லை. எண்ணும் முறை முன் கூறியதே.

நன்செய்க்கு வருவோம். ஏரிப்பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் விளையும் நெல்லுக்குப் புகையானைப்போல் வஞ்சகமான பூச்சி வேறில்லை. தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வெயில் படாத இடத்தில் அது கூடியிருந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று எவ்வளவு நேரம் நோக்கினாலும் தென்படாது. கைவலையை வீசினாலும் மேலிலையில் இருப்பவை மட்டுமே வலையில் விழும். வட்டவட்டமாகப் பயிர் தீய்ந்து சாயும்போதுதான் பலர் விழிக்கின்றனர். எனவே வயலுக்குள் கோணலாக நடந்து 20 குத்துக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் விலக்கி, கையால் மெல்லத் தட்டி, நீரில் விழுபவற்றையும் தண்டில் ஒட்டியிருப்பவற்றையும் குஞ்சோடு சேர்த்து எண்ணவேண்டும். அதே குத்திலுள்ள தூர்களையும் சிலந்திகளையும் எண்ணவேண்டும். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்ட வயலில் பயிரை மிதிக்காமல் இதைச் செய்யலாம்.

சிலந்தியை எண்ணுவானேன் என்று கேட்கலாம். புகையானுக்குரிய எல்லை, சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1. குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருக்கும் வயலில் தூருக்கு 2. அதாவது சிலந்தி இருந்தால் இருமடங்கு பூச்சியையும் பொறுத்திருக்கலாம். 20 குத்துக்களில் 300 தூரும், 240 புகையானும், 22 சிலந்தியும் கண்டால், தூருக்கு 0.8 பூச்சி, தெளிக்கவேண்டாம். அடுத்த வாரம் அதே அளவு தூரில் 390 புகையானும் 21 சிலந்தியும் என்றால், தூருக்கு 1.3, சிலந்தி இல்லாவிடில் மருந்தெடுக்கவேண்டிய நிலை, சிலந்தி இருப்பதால் இன்னும் காத்திருக்கலாம். நீரை வடித்து வயலைக் காயவிட்டு, மூன்று நாளில் மறுபடி எண்ணவேண்டும். இக்கணக்கில் சிலந்திப் பத்தியை விட்டுவிட்டவர் ஒரு தெளிப்புச் செலவைக் கொடுத்து, தமக்காகக் கூலியின்றி உழைத்த 21 வேலையாட்களையும் கொன்றவர் ஆகிறார்.

இது அலங்காரப் பேச்சன்று. புகையானின் முட்டை இலையுறைக்குள் புதைந்திருப்பதால் பல மருந்துகளுக்குத் தப்பிவிடும். வெளியில் திரியும் சிலந்தியும் பொறிவண்டும் மடிந்துவிடும். சில நாளில் பொரிக்கும் குஞ்சுகளுக்குத் தடுப்பாரில்லை. 1973-74-இல் கேரளத்து நெல்வயல்கள் புகையானால் பெருஞ்சேதம் அடைந்தன. இந்தோனேசியாவில் மருந்து அளவின்றித் தெளிக்கப்பட்ட ஜாவாத் தீவில் 1986-இல் புகையான் பெருகியபோது, அவ்வரசு மேலும் மருந்து வழங்காமல், நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தெளிக்கலாகாதென்று தடைவிதித்தது. 1989 முதல் அங்கே குடியானவர்களை வாரந்தோறும் வயலில் இறக்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் படம் வரைந்து தாமே தீர்மானிக்கப் பழக்கும் வயல்வெளிப் பள்ளிகள் தோன்றின. மருந்து குறைந்தும் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. அந்த முறை பிறகு இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்கும் பரவியது.

நெல்லின் மற்றப் பூச்சிகளுக்கு வெவ்வேறு கருவிகள் உண்டு. நாற்றங்காலில் இலைப்பேனை எண்ணக் கையே கருவி: உள்ளங்கையை நீரில் நனைத்து நாற்றின் நுனிமேல் 12 முறை தடவினால், கையில் ஒட்டும் இலைப்பேன் 60 ஆனால் எல்லை. கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் இச்சிறு பூச்சிக்கு இதனினும் சுலபமான வழி கிடையாது. பச்சைத் தத்துப்பூச்சிக்குக் கைவலை. 25 வீச்சில் 60 பூச்சி எல்லை. இதில் வீசுபவரின் கை, காற்று, வேளை எல்லாம் எண்ணை மாற்றிவிடுமாதலால், ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் ஒரே வேளையில் வீசுவது உத்தமம். தண்டுத்துளைப்பானுக்கு ஒரு சதுரமீட்டருக்கு 2 முட்டைக்குவியல், அல்லது நூறு தூருக்குப் பத்தில் நடுக்குருத்து வாடல். வாடிய குருத்தை இழுத்தால் கையோடு வந்துவிடும்; வராதது வேறு நோய். கதிர்நாவாய்ப்பூச்சி பூக்கும் பருவத்தில் 100 கதிருக்கு 5 இருந்தால் எல்லை. பால்பிடித்த பின் 16 வரை பொறுக்கலாம். வெண்கதிரைக் கண்டபின் மருந்தெடுப்பாரும் உளர். அந்தக் கதிர் போனது போனதுதான். அதை எண்ணுவது நஷ்டத்தை எழுதி வைக்கவேயன்றி வேறெதற்கும் பயன்படாது.

எண்ணியதை அங்கேயே எழுதவேண்டும். வீட்டுக்கு வந்து, உண்டு, உறங்கி எழுந்து நினைவிலிருந்து எழுதும் எண், மாதக் கடைசியில் எழுதும் ரொக்கப் புத்தகத்தைப் போன்றது; கூட்டல் சரியாக இருக்கும், உண்மை இராது. தேதி, வயல், பயிரின் வயது, பார்த்த இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் கண்ட எண், கூட்டல் ஆகிய ஆறு பத்திகள் போதும். சுழி வந்த இடத்தில் சுழியை எழுதவேண்டும். ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டால், பத்து இடம் பார்த்ததா மூன்று இடம் பார்த்ததா என்பது பிறகு தெரியாது. ஒருமுறை எண்ணியது ஒருநாள் செய்தி. வாரத்துக்கு ஒருமுறை எண்ணியது கணக்கு.

தனியாள் கணக்கில் ஒரு குறை உண்டு. கம்பளிப்புழு பட்டா எல்லையை அறியாது. ஒருவர் கொல்லையில் அழித்தால் அயற்கொல்லையிலிருந்து ஊர்ந்து வரும். இதை உத்தேசித்தே சென்னை மாகாணத்தில் 1919-இல் பயிர்ப்பூச்சி, நோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, அறிவிக்கப்பட்ட பூச்சியை ஒழிக்கும் வேலையைச் செய்யும்படி நிலமுடையோருக்கு உத்தரவிடும் அதிகாரம் சர்க்காருக்கு அளிக்கப்பட்டது. உத்தரவைவிட ஊர்க்கட்டுப்பாடு விரைவில் பலிக்கும். பத்துக் கொல்லைக்காரர் ஒரே நாளில் எண்ணி, கூட்டுறவுக் கடன் சங்கத்துப் பலகையில் தத்தம் எண்ணை எழுதிவைத்தால், எந்தத் திசையிலிருந்து பூச்சி வருகிறது என்பது மறுநாளே விளங்கும். மருந்துக்குக் கடன் வேண்டுவோர் எதற்காக வேண்டுகிறார் என்பதும் விளங்கும். ஐயம் எழுந்தால் வட்டார வேளாண்மை அலுவலரையோ, கீழ்நெல்லியிலுள்ள கிருஷி விஞ்ஞான கேந்திரத்தையோ, 2014-இல் வாழவச்சனூரில் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியையோ பூச்சியின் மாதிரியோடு அணுகலாம்.

அறுவடைக்குப் பின் எண்ணவேண்டியதும் ஒன்று உண்டு. கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் வரப்போரத்திலும் மரநிழலிலும் ஒரு சாண் ஆழத்துக்குள் உறங்குகின்றன. கோடையுழவின்போது கலப்பையின் பின்னே நடந்து, புரண்ட மண்ணிற் கிடக்கும் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கி அழிப்பதோடு, மரநிழலிலும் திறந்த வெளியிலும் இத்தனை அடி நீளத்தில் இத்தனை கிடைத்தன என்று அதே புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும். மிகுதியாகக் கிடைத்த கொல்லையில்தான் அடுத்த ஆனி மாதத்து முதல் மழைக்குப்பின் விளக்குப்பொறியை முதலில் வைக்கவேண்டும்.